தூரத்தை அளக்கும் உரிமை

பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே உள்ள வெளியை எவரும் அளந்து பார்க்கக்கூடிய மென்பொருள்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. விருதுநகர் மாவட்டம் அவற்றைக் கைக்கொள்ள வேண்டியது ஏன்?

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும், அதன்கீழ் 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளையும் பொறுமையோடு வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும்: மருந்தைப் பற்றி எவ்வளவு சிரத்தையோடு அவை பேசுகின்றனவோ, அதே சிரத்தையோடு தூரத்தைப் பற்றியும் பேசுகின்றன. வேலை நடக்கும் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும், கிடங்குக்கும் வேலை அறைக்கும் நடுவே எவ்வளவு, வேலிக்கு அப்பால் உள்ள வீட்டுக்கும் சாலைக்கும் எவ்வளவு என்பதையெல்லாம், சேமித்து வைக்கப்படும் வெடிபொருளின் அளவுக்குத் தக்கபடி அவை வரையறுக்கின்றன. அபாயத்தை முற்றிலும் ஒழிக்க இயலாத ஒரு தொழிலில், மனித உயிருக்கும் வெடிமருந்துக்கும் நடுவே சட்டம் நிறுத்தி வைத்திருக்கும் முதற்காவல் அந்த வெற்று நிலந்தான்.

அந்த வெற்று நிலம் இன்றைக்கும் வெற்று நிலமாகவே இருக்கிறதா என்பது எளிய கேள்வி. ஆயினும், விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலைக்கு அடுத்த ஊரில் குடியிருக்கும் ஒருவர் இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், எந்த அலுவலகத்தின் படியேறுவது என்றே அவருக்குத் தெரிவதில்லை. ஆலைக்கு உரிமம் வழங்குவது ஓர் அதிகாரம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது வேறோர் அதிகாரம். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம் இருப்பது மூன்றாவது இடத்தில். இவை மூன்றையும் ஒரே மேசையில் விரித்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் வசதி சாமானியருக்குக் கிட்டுமானால், பல விபத்துகளின் சேதத்தையாவது குறைத்திருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்த வசதியைத் தருவனவே, மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூல வரைபட மென்பொருள்கள்.

வறண்ட பூமியில் வளர்ந்த தொழில்

மழை குறைந்த கரிசல் பூமியில், உழவை மட்டும் நம்பி ஜீவிக்க இயலாத ஜனங்களுக்கு வேறொரு பிழைப்பைத் தேடித் தரவேண்டும் என்ற எண்ணத்தோடு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பிச் சிவகாசியில் ஆலை தொடங்கிய வரலாறு தமிழ்நாடு நன்கறிந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும், 1940ஐ ஒட்டிப் பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றின. எந்த வறட்சி உழவனை வாட்டியதோ, அதே வறட்சி மருந்தையும் காகிதத்தையும் உலர்த்துவதற்கு உகந்ததாக அமைந்தது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் பரவிக் கிடக்கும் ஆலைகள், இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தருகின்றன.

இந்தச் செழிப்புக்கு இந்த வட்டாரம் கொடுத்துவரும் விலையும் தமிழ்நாடு அறிந்ததே. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுப்புறத்து ஜனங்கள் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கியது அந்தத் துயரத்தைப் பன்மடங்காக்கியது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவ்விபத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இவற்றுக்கு இடையிலும் பின்னரும் நேர்ந்த விபத்துகள் இன்னும் பல.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பத்திரிகைகளில் வெளியாகும் செய்தி, மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது என்ற காரணத்தைச் சொல்லும். இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும். போர்மேன் கைது செய்யப்பட்டதைச் சொல்லும். வெடித்த அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி எவ்வளவு, மிக அருகில் இருந்த வீடு எத்தனை மீட்டரில் இருந்தது, தீயணைப்பு வண்டி வந்த பாதை எது, காயம்பட்டவர்களைச் சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கோ மதுரைக்கோ கொண்டுசெல்ல எத்தனை கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது என்ற விவரங்கள் அச்செய்திகளில் அபூர்வமாகவே இடம்பெறுகின்றன. அடுத்த விபத்தின் சேதத்தைக் குறைக்க உதவக்கூடியவையோ இந்த விவரங்களே.

மூன்று அலுவலகங்கள், மூன்று காகிதங்கள்

பட்டாசு வட்டாரத்தில் ஓர் ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தால், அது ‘நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா’ என்று கேட்பது வழக்கம். கையாளும் வெடிபொருளின் அளவைப் பொறுத்து, பெரிய ஆலைகளுக்கு நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெசோ என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமும், அடுத்த நிலையில் உள்ளவற்றுக்கு அதன் சென்னை அலுவலகமும், சிறு ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலரும் உரிமம் வழங்குவதால் வந்த பெயர்கள் இவை. உரிமம் கேட்கும்போது ஆலையின் இடவரைபடமும் அறைகளின் அமைப்புப் படமும் இணைக்கப்படுகின்றன; அன்றைய தேதியில் நிலவும் தூரங்கள் அவற்றில் குறிக்கப்படுகின்றன.

ஆனால் நிலம் அன்றைய தேதியோடு நின்றுவிடுவதில்லை. பொட்டலாகக் கிடந்த வெளியில் ஆலை அமைந்து பத்தாண்டுகள் சென்றபின், அதே வெளியின் மறுபக்கத்தில் மனை பிரிக்கப்படலாம், சாலை அகலப்படுத்தப்படலாம், பள்ளிக்கூடம் எழலாம். மனைப்பிரிவைப் பரிசீலிக்கும் நகர் ஊரமைப்புத் துறையின் கோப்பில் பக்கத்து ஆலையின் கிடங்கு குறிக்கப்படாமல் போனாலும், ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பில் புதிய வீடுகள் குறிக்கப்படாமல் போனாலும், இரண்டு கோப்புகளும் தத்தம் வரையில் முறையாகவே இருக்கும். நிலத்தில் மட்டும் தூரம் குறுகியிருக்கும். ஒருவரையும் குற்றஞ்சாட்ட இடமில்லாமலேயே அபாயம் வளரக்கூடிய நிலைமை இது. கோப்புகளைத் தனித்தனியாக எத்தனை முறை புரட்டினாலும் இது தெரியவராது. ஒரே வரைபடத்தில் அடுக்கினால் மறுகணமே தெரியும்.

பொதுச் சொத்தாக வளர்ந்த கருவிகள்

வரைபடத்தைக் கணினியில் அடுக்கடுக்காக அமைத்து, அடுக்குகளுக்கு இடையே கேள்வி கேட்கும் முறைக்குப் புவியியல் தகவல் முறைமை என்று பெயர், சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள். நெடுங்காலம் இது பெரும்பொருள் செலவிட வல்ல சர்க்கார்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. அந்நிலையை மாற்றிய முயற்சிகளில் தொன்மையானது, அமெரிக்க ராணுவப் பொறியியல் பிரிவின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1982இல் தொடங்கப்பட்டுப் பின்னர் உலகத்தாருக்குப் பொதுவான ‘கிராஸ்’ என்ற மென்பொருள். 2001இல் கனடாவில் பிறந்த ‘போஸ்ட்ஜிஐஎஸ்’, லட்சக்கணக்கான இடங்களையும் எல்லைகளையும் ஒரு தரவுத்தளத்தில் சேமித்து, ‘இந்தப் புள்ளியிலிருந்து இத்தனை மீட்டருக்குள் என்னென்ன உள்ளன’ என்ற கேள்விக்கு நொடியில் விடை சொல்லக் கற்றது. 2002இல் கேரி ஷெர்மன் என்ற தனிமனிதர் தொடங்கிய ‘க்யூஜிஐஎஸ்’, இன்று பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, சாதாரண மடிக்கணினியிலும் இயங்குகிறது. வலைப்பக்கத்தில் வரைபடத்தைக் காட்ட உதவும் ‘லீஃப்லெட்’, உக்ரைன் நாட்டவரான விளாதிமீர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்டது.

மென்பொருள் இருந்தால் போதாது. அடியில் விரிக்க ஒரு வரைபடமும் வேண்டும். நம் தேசத்தில் நில அளவை புதிய கலையன்று. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கியதிலிருந்தே வில்லியம் லாம்டனின் மாபெரும் முக்கோண அளவை கிளைத்தது. ஆனால் அவ்வாறு அளந்து வரைந்த படங்கள் நெடுங்காலம் ஆளுவோரின் பெட்டகத்திலேயே இருந்தன. 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு சட்ட வரைவு, அனுமதியின்றி இந்தியாவின் புவியியல் தகவல்களைத் திரட்டுவோருக்கும் வெளியிடுவோருக்கும் நூறு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க உத்தேசித்து, பெருத்த ஆட்சேபத்தைச் சந்தித்தது, அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புதிய வழிகாட்டு நெறிகளோ, இந்தியர்கள் முன் அனுமதி பெறாமலேயே வரைபடத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் பெரும்பாலும் வழிதிறந்தன. ஐந்தாண்டுகளுக்குள் நேர்ந்த இந்த மாற்றத்தின் மகத்துவத்தை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

சர்க்கார் படங்களுக்கு அப்பால், 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ இருக்கிறது. எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம் என்ற விதியோடு உலகத்து ஜனங்களே வரைந்துவரும் தேசப்படம் அது. அதில் ஒவ்வோர் ஊருக்கும் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பதிய இடமுண்டு. ஒரு காலத்தில் கண்மாயின் கரையை ஊரே கூடி மராமத்துச் செய்த குடிமராமத்து முறைக்கு இது ஒப்பானது: உடைமை பொது, உழைப்பு பொது, பராமரிக்கும் பொறுப்பும் பொது. பொறுப்பை விட்டுவிட்டால் கண்மாய் தூர்ந்து போவதைப் போலவே, திருத்துவாரற்ற வரைபடமும் பழசாகிப் பயனற்றுப் போகும்.

அளந்து பார்க்கும் விதம்

ஓர் ஆலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் இக்கருவிகளைக் கொண்டு எப்படி அளப்பது என்பதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பட்டாசு ஆலையை இனங்காண்பது கடினமன்று. மற்ற தொழிற்சாலைகளைப்போல் ஒரே பெருங்கூரையாக இல்லாமல், வெட்டவெளியில் சிறுசிறு சதுரங்களாக, ஏறக்குறையச் சம இடைவெளியில் வரிசை பிடித்து நிற்கும் அறைகளே அதன் அடையாளம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 துணைக்கோள்கள் இலவசமாகத் தரும் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டர். கண்மாயில் நீர் இருக்கிறதா என்று பார்க்க அது போதும், மருந்து அறையைப் பிரித்துப் பார்க்கப் போதாது. எனவே, அதைவிட நுட்பமான படங்களை, வரைந்தெடுக்க அனுமதியுள்ளனவாகப் பார்த்துத் தேர்ந்து, அறைகளையும் வீடுகளையும் தனித்தனி அடுக்குகளாக வரைந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பிங் படங்களிலிருந்து வரைந்தெடுக்க ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொண்டர்களுக்கு 2010 முதல் அனுமதி தந்திருக்கிறது.

அடுத்ததாக, ஆலையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வளையம் போடவேண்டும். மென்பொருளில் இதற்கு ‘பஃபர்’ என்று பெயர். புதிதாகப் பழகுவோர் இடறும் இடம் இதுவே. இடங்காட்டிக் கருவிகள் தரும் எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகைகளின் பாகைக் கணக்கில் இருக்கும். அதே கணக்கில் வைத்துக்கொண்டு ‘500’ என்று வளையம் கேட்டால், மென்பொருள் அதை ஐந்நூறு மீட்டராகக் கொள்ளாமல் ஐந்நூறு பாகையாகக் கொள்ளும். பூமியின் முழுச் சுற்றே 360 பாகைதான் என்பதை நினைத்தால், விளைவு எப்படியிருக்கும் என்பது விளங்கும். ஆகவே முதலில் படத்தை மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்காக உலகத்தை ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அம்மண்டலங்களின் எல்லைகளில் ஒன்றான 78 பாகைத் தீர்க்கரேகை, விருதுநகர் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. அதனால் சிவகாசியும் சாத்தூரும் 43ஆம் மண்டலத்திலும், அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மாவட்டம் முழுவதற்கும் படம் தயாரிப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, எல்லா அடுக்குகளுக்கும் அதையே சீராகக் கையாண்டால் போதும். எல்லையோரத்தில் அதனால் நேரும் பிழை சொற்பமே.

மூன்றாவதாகக் கிராம வரைபடத்தை அடியில் பொருத்த வேண்டும். பழைய படம் சர்வே கற்களைக் காட்டுமே தவிர, உலக உருண்டையில் அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல், பழைய கிணறு, கண்மாய் மடை என்று படத்திலும் தரையிலும் ஒருங்கே இனங்காணக்கூடிய நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, அங்கே நேரில் சென்று நின்று இடங்காட்டியின் எண்களைக் குறித்துக்கொண்டு, க்யூஜிஐஎஸ்ஸில் அப்புள்ளிகளைப் பொருத்தினால், படம் தன் இடத்தில் வந்து அமரும். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை மீட்டர் பிசகு என்பதையும் மென்பொருளே சொல்லிவிடும். தரையில் விவரம் சேகரிக்க ‘க்யூஃபீல்டு’ என்ற கைபேசிச் செயலி உதவுகிறது. சிக்னல் கிடைக்காத காட்டுப்பாதையிலும் அது வேலை செய்யும்.

இதன் வரம்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கைபேசியின் இடங்காட்டி, திறந்த வானத்தின்கீழ் நின்றாலும் சில மீட்டர் பிசகக்கூடியது. ஆலைக்கும் ஊருக்கும் நடுவே உள்ள நூற்றுக்கணக்கான மீட்டரை அளப்பதற்கு அது தடையாகாது. அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சில மீட்டரைத் தீர்மானிக்க டேப் பிடித்து அளப்பதே முறை. அதுபோலவே, உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளையும், அனுமதித்ததற்கு மேல் ஆட்களை நிறைத்து வேலை வாங்குவதையும், மரத்தடியில் சாக்கை விரித்து மருந்து செலுத்துவதையும், மிஞ்சிய மணிமருந்தை இரவில் அப்படியே விட்டுச் செல்வதையும் எந்த வரைபடமும் காட்டாது. அவற்றுக்கு நேர்மையான ஆய்வும், அஞ்சாமல் பேசக்கூடிய தொழிலாளியும் வேண்டும்.

அயலில் கண்ட அனுபவம்

ஜனங்களே வரைபடம் வரைந்து ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவியதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, அருண் கணேஷ் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்களை அடிப்படையாகக் கொண்டு ஒரு வலைவரைபடத்தை வெளியிட்டார்கள். தங்கள் தெருவில் நீர் நிற்கிறதா என்பதை நகரவாசிகளே அதில் தொட்டுக் குறித்தார்கள். தெருக்கள் முன்னரே பொதுப்படத்தில் வரையப்பட்டிருந்ததால்தான், வெள்ளம் வந்த நேரத்தில் அந்தச் சேவை சாத்தியமாயிற்று என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஆபத்து நேர்ந்தபின் படம் வரையத் தொடங்கினால் காலங்கடந்துவிடும். 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டின் தலைநகரம் பூகம்பத்தில் சிதைந்தபோது, மீட்புக் குழுவினருக்கு ஏற்ற விரிவான படம் இல்லாமையால், உலகெங்குமுள்ள தொண்டர்கள் இரவுபகலாக வரைந்து தரவேண்டியிருந்தது. அண்டை மாநிலமான கேரளமோ, 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, ‘மேப்பத்தான் கேரளம்’ என்ற பெயரில் அரசே முன்னின்று ஜனங்களைக் கொண்டு பொதுப்படத்தை வளப்படுத்தும் முயற்சியில் இறங்கியது.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

வெடிபொருள் இருக்கும் இடங்களையெல்லாம் பொதுப்படத்தில் குறிப்பது பாதுகாப்புக்குப் பங்கம் அல்லவா என்று கேட்கப்படலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஆலை எங்கே இருக்கிறது என்பது அந்த வழியாகச் செல்லும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதன் பெயர்ப்பலகையே அதைச் சொல்கிறது. மறைக்க வேண்டியவை எந்தக் கிடங்கில் எவ்வளவு மருந்து, எந்த அறையில் எந்த ரசாயனம் என்பன போன்ற விவரங்கள். அவை நிர்வாகத்தின் அடுக்கிலேயே இருக்கட்டும். ஊரார் அறியவேண்டியது, எல்லைக் கோடு எதுவரை நீள்கிறது, அதற்குள் தம் வீடு வருகிறதா, வெடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும், எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்பவை. முதலிப்பட்டியில் சத்தம் வந்த திசை நோக்கி ஓடிய ஜனங்களுக்கு, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே யாரேனும் படம் காட்டியிருந்தால் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது.

ஆலை அதிபர்களுக்கு வேறு கவலை இருக்கலாம்: படம் வந்தால் உரிமம் போய்விடுமோ என்பது. தொழிலாளிக்கும் அதே கவலை உண்டு. ஆலை மூடினால் அடுப்பு எரியாது. உண்மையில், பொட்டல் காட்டில் முதலில் ஆலையை அமைத்தவருக்கு, பின்னால் வந்த மனைப்பிரிவை எதிர்த்து வாதாட இத்தகைய படத்தைவிடச் சிறந்த சாட்சி இராது. எந்த ஆண்டில் எந்தக் கட்டடம் இருந்தது, எது இல்லை என்பதை ஆண்டுவாரியான படங்கள் பாரபட்சமின்றிச் சொல்லும். விதியைப் பின்பற்றும் ஆலையை விதியை மீறும் ஆலையினின்று பிரித்துக் காட்டுவதால் நன்மையடைவது நேர்மையான முதலாளியே. வீட்டுத் திண்ணையில் திருட்டுத்தனமாக நடக்கும் பட்டாசு உற்பத்தியால் அவருக்கு நேரும் நஷ்டமும் சிறிதன்று.

விலைகொடுத்து வாங்கும் மென்பொருளையே சர்க்கார் பயன்படுத்தினால் ஆகாதா என்பாரும் உண்டு. 2020 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். வலைவரைபடத்துக்கு உலகமெங்கும் பயன்பட்டு வந்த மேப்பாக்ஸ் நிறுவனத்தின் மென்பொருள், அதுவரை திறமூலமாக இருந்தது. புதிய பதிப்பிலிருந்து நிறுவனம் உரிமத்தை மாற்றிக்கொண்டது. பழைய பதிப்பு எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தில் வெளியானதாகையால், அதைப் பயன்படுத்துவோர் ஒன்றுகூடி ‘மேப்லிப்ரே’ என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். மூலநிரல் பொதுவில் இருந்தால், ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தால் ஒரு மாவட்டத்தின் பாதுகாப்புப் படம் நின்றுபோகாது. மேலும், தூரத்தைக் கணக்கிட்ட விதத்தை நீதிமன்றத்திலோ கிராம சபையிலோ எவரேனும் சந்தேகித்தால், அதே கணக்கை அவரே தம் கணினியில் போட்டுப் பார்க்கலாம். பொது விஷயத்தில் இதைவிடப் பெரிய நம்பகம் வேறில்லை. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தருமாறு மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையும் கூறுகிறது.

செய்யவேண்டியவை

இதற்கான மனிதவளம் வட்டாரத்திலேயே இருக்கிறது. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, மெப்கோ பொறியியல் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று உயர்கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பயிலும் மாணவர்களில் எத்தனையோ பேர் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆளுக்கொரு கிராமம் என்று எடுத்துக்கொண்டு வீடுகளையும் வண்டிப்பாதைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பொதுப்படத்தில் தமிழ்ப் பெயரோடு பதியத் தொடங்கினால், ஓரிரு ஆண்டுகளில் மாவட்டத்தின் அடிப்படைப் படம் நிறைவுபெறும். நிர்வாகம் செய்யவேண்டியது, உரிமம் பெற்ற ஆலைகளின் எல்லைக் கோடுகளையும் பாதுகாப்புத் தூரத்தின் வளையத்தையும் கணினி எடுத்தாளக்கூடிய வடிவில் வெளியிடுவது. உரிமம் புதுப்பிக்கும்போதும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும்போதும் இரண்டு அடுக்குகளையும் ஒப்பிட்ட படம் ஒன்றைக் கோப்பில் கட்டாயமாக இணைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படத்தைக் கிராம சபையில் விரித்து வைத்து ஊராரின் திருத்தங்களைக் கேட்பது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, பெரும்பொருளும் தேவையில்லை.

பாதுகாப்புத் தூரம் என்பது ஆலையின் வேலிக்குள் வேலை செய்பவர்களுக்கும் வேலிக்கு வெளியே வாழ்பவர்களுக்கும் சட்டம் அளித்திருக்கும் வாக்குறுதி. வாக்குறுதி பெற்றவனே அது காப்பாற்றப்படுகிறதா என்று சோதித்துப் பார்க்க வகையில்லாவிட்டால், அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. சோதித்துப் பார்க்கும் கருவிகளை உலகத்து அறிஞர்கள் பலர் தம் உழைப்பைத் தானமாக ஈந்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்து ஜனங்கள் அவற்றைக் கையிலெடுத்துத் தம் ஊரைத் தாமே அளக்கட்டும். அளந்து கண்டதை அதிகாரிகளின் முன் வைக்கட்டும். அதற்குப் பதில் சொல்வது அதிகாரிகளின் கடமையாகட்டும்.